எட்டாம் பகுதியின் தாள்

என் மேஜை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. மேலே முக்கால்வாசி வெறுமை. அடியில் மட்டும் மூன்று வரிகள் அச்சாகியிருக்கின்றன. முதல் வரியில் ‘இடம்: கடலூர்’. அடுத்து ‘நாள்’ என்று போட்டுக் காலியிடம். அதற்கும் கீழே ‘இப்படிக்கு’ என்று போட்டு இன்னொரு காலியிடம். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அதை எனக்கு அச்செடுத்துக் கொடுத்தவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டேன். அதற்கு முந்தைய ஒரு வாரம் முழுக்க என் குறிப்பேட்டில் அவர் பெயர் வேறாக இருந்தது: ‘ஐந்து பெயரில் எழுதும் ஒரே ஆள்’.

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடி அறையில், சொந்தமாக எழுதுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் தங்கள் கதைகளை இணையத்தில் வெளியிட உதவும் ஒரு தளத்தை நாங்கள் இரண்டு பேர் நடத்துகிறோம். அதைத் தொடங்கிய அண்ணன், பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிப் பதிலே வராமல் சலித்துப்போனவர். நான் கணினிப் பொறியியல் படித்துவிட்டு அவரோடு சேர்ந்தேன். வரும் கதைகளின் எழுத்துருவை மாற்றுவது, படங்களைச் சுருக்குவது, எங்கிருந்தாவது எடுத்ததா என்று சோதிப்பது எல்லாம் என் பொறுப்பு. கடைசி வேலைதான் எனக்குப் பிடித்தது. அதற்குப் பதினொரு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைப் போட்டு, மேஜைக்கு எதிரே ஒட்டியிருந்தேன். “ஒனக்கு ஜாஸ்தி சந்தேகம்மா. எழுத வர்றவங்க பயந்துக்கப் போறாங்க” என்பார் அண்ணன். பயப்படுகிறவர்களைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

அந்த ஆண்டு எங்கள் தளத்தில் அதிகம் படிக்கப்பட்டது ஒரு தொடர். கடலூரை ஒட்டிய மீனவக் குப்பம் ஒன்றில் கருவாடு காயவைக்கும் அம்மா ஒருவர், தன் மாமியாரைப் பற்றி எழுதியது. கடலுக்குப் போன படகு கண்ணில் படும்வரை உலை வைக்கவே விடாத மாமியார். “மேற்படி மாமியார் மேற்படி குழம்பைத் திரும்பியும் பார்க்கவில்லை” என்பது போன்ற வாக்கியங்கள் அதில் வரும். வாசகர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். மேற்படியாருக்கு இந்த வாரம் உடம்பு எப்படி என்று கருத்துப் பெட்டியில் நலம் விசாரித்தார்கள். ஏழு பகுதிகள் வந்திருந்தன. தளத்தின் ஆண்டு விழாவில் அந்த அம்மாவை மேடையேற்றி எட்டாம் பகுதியை வாசிக்க வைப்பதென்று அண்ணன் முடிவு செய்திருந்தார்.

ஏழாம் பகுதி வெளியாகிச் சில நாள் கழித்து, அதன் கோப்பை மறுபடி திறந்தபோதுதான் என் கண்ணில் பட்டது. கதை முடிந்து, நிறைய வெற்றிடம் விட்டு, பக்கத்தின் அடியில் ‘இடம்: கடலூர், நாள், இப்படிக்கு’. கதைக்கு எதற்கு இப்படிக்கு? கோப்பின் பின்புற விவரங்களைத் திறந்தேன். கதை எழுதப்பட்டதற்குப் பல ஆண்டு முன்பே உருவாக்கப்பட்ட கோப்பு. உருவாக்கியவர் என்ற இடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பெயர். அதே கடை, அதே தேதி, வேறு நான்கு பெண்கள் அனுப்பிய கதைகளிலும் இருந்தது. ஐந்து பேரும் செவ்வாய், புதன் தவிர வேறு நாளில் எதையும் அனுப்பியதில்லை. நான்கு பேரில் இரண்டு பேர் கதையில் ‘மேற்படி’ வேறு வந்தது. பட்டியலின் பதினொரு கேள்வியில் எட்டுக்கு விடை தவறாக இருந்தது. எனக்கு மேற்கொண்டு யோசிக்க எதுவுமில்லை. யாரோ ஒருவர் ஐந்து முகமூடி போட்டுக்கொண்டு விளையாடுகிறார், மேடைக்கு ஒரு முகத்தை மட்டும் வாடகைக்கு அனுப்பப் போகிறார்.

அண்ணன் ஊரில் இல்லை. தொலைபேசியில் “போய்ப் பாத்துட்டு எடேன்” என்றார். “எடுத்துட்டுப் பாக்கலாம்” என்றேன் நான். ஐந்து பேரின் கதைகளையும் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ‘இப்படைப்பு எழுதியவர் யார் என்பது சரிபார்க்கப்படுகிறது’ என்று போட்டேன். மரியாதையான வாக்கியம்தான் என்று இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். ஐந்து பேருக்கும் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு வாரம் யாரும் சண்டைக்கு வரவில்லை. உண்மையில் எழுதியவர் என்றால் சும்மா இருப்பாரா என்று அதையும் ஒரு சான்றாகக் குறித்துக்கொண்டேன். எட்டாம் நாள் ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது: ‘மேற்படி விஷயமாகத் தாங்கள் நேரில் வந்து விசாரித்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.’ அந்த ‘மேற்படி’யைக் கண்டதும் ஆளைப் பிடித்துவிட்ட திருப்தியோடு கடலூருக்குப் பேருந்து ஏறினேன்.

அரசு அலுவலகங்களுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது கடை. ஒரு நகலெடுக்கும் இயந்திரம், ஒரு கணினி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்பத்தைந்து வயதிருக்கும் அக்கா, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சிதம்பரத்துலேர்ந்து வர்றீங்களா? போலீஸ்காரம்மா மாதிரி இருப்பீங்கன்னு நெனச்சேன். சின்னப் பொண்ணாதான் இருக்கீங்க. ஒக்காருங்க.”

நான் உட்காரவில்லை. ஐந்து கோப்பும் எப்படி ஒரே கோப்பாக இருக்கிறது என்று கேட்டேன். அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். திரையில் ‘மனு’ என்று ஒரு கோப்பு. யார் மனு எழுத வந்தாலும் அதைத்தான் திறப்பாராம். பழைய மனுவின் மேல்பகுதியை அழித்துவிட்டு, புதியதை அடித்து, வேறு பெயரில் சேமித்துக்கொள்வார். அடியில் இருக்கும் மூன்று வரி எல்லா மனுவுக்கும் வேண்டும் என்பதால் அதைத் தொடுவதே இல்லை. கடை திறந்த நாளிலிருந்து அந்த ஒரே கோப்பு. முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், காணாமல்போன ரேஷன் கார்டு, எல்லாம் அதன் மேல்தான் ஏறி இறங்கியிருக்கின்றன. கதைகளும் அப்படித்தான்.

“திங்கக்கெழமை மனு நாளு, மூச்சு விட முடியாது. செவ்வா, பொதன்ல ஈ ஓட்டுவேன். அப்பதான் வரச் சொல்லுவேன் அவுங்கள. மனு எழுத வந்தவங்கதான் எல்லாரும். அவுங்க சொல்றதுல பத்து வரிதான் மனுவுக்கு ஆவும். மிச்சத்த இன்னா செய்யறது? கேட்டுட்டு அப்புடியே உடறதுக்கு மனசு வரல. அவுங்க சொல்லச் சொல்ல அடிச்சி ஒங்களுக்கு அனுப்பிடுவேன்.”

“அதுல எத்தன வரி உங்களுது?” என்றேன்.

“மனுவுல எத்தன வரி என்னுது? கையெழுத்து அவுங்களுதுதான?”

அது விடையில்லை என்றுதான் நினைத்தேன். மழுப்புகிறார் என்று பட்டது. அவர் அதைக் கண்டுகொண்டு, கடையை அப்படியே பூட்டிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். “வாங்க, ஆளையே பாத்துடுங்க.”

குப்பத்தில் கருவாட்டின் மேல் வலையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. அக்கா என்னை அறிமுகம் செய்ததும் நிமிர்ந்தார், சிரிக்கவில்லை. நான் பேச்சைத் தொடங்க, வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டேன். “மேற்படி ஆளு ஐஸ் ஏத்தப் போயிருக்காரு” என்றார், புருஷனை. எத்தனையோ திங்கட்கிழமைகளாக வீட்டு மனைப் பட்டாவுக்கு மனு எழுதி எழுதி, வாசித்துக் கேட்டுக் கேட்டு, அந்த வார்த்தை அவர் வாயில் குடியேறியிருந்தது. பிறகு, நான் கேட்காமலேயே, வலையின் ஓரத்தில் கல்லை வைத்துக்கொண்டே மாமியாரைப் பற்றி இரண்டு சங்கதி சொன்னார். ஏழு பகுதியிலும் வராத சங்கதிகள். அந்தத் தொடரின் குரல் அதுதான் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பட்டியல் தேவைப்படவில்லை.

இன்றைக்கே திரும்பப் போட்டுவிடுகிறேன், விழாவுக்கு வாருங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார், சம்மதமாக அல்ல.

“எம்மவந்தான் போன்ல படிச்சிக் காட்டுவான். மொதல்லயே நம்பல. நீயாம்மா எழுதுன, சும்மா அடிச்சி உடாதன்னுவான். ஏழாவது வந்தப்பதான் கொஞ்சம் நம்புனான், அவன் கூட்டாளிங்களுக்கெல்லாம் காட்டுனான். அப்பறம் நீங்க போட்டீங்களே, எழுதுனது யாருன்னு தெரியலன்னு. அதையும் அவந்தான் படிச்சிக் காட்டுனான்.” வலையின் அடுத்த ஓரத்தை இழுத்துவிட்டு, “உடும்மா. எனக்கு வேல கெடக்குது” என்றார்.

கடைக்குத் திரும்பி வந்ததும் நான் அக்காவைக் கேட்டேன், அந்த அம்மா எட்டாம் பகுதி ஏதாவது தொடங்கியிருந்தாரா என்று. கணினியில் அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருந்தது. பழைய மனுவை அழித்து, பெயர் மாற்றி, அந்த அம்மா வந்து உட்காருவதற்காக அக்கா முன்கூட்டியே திறந்துவைத்தது. அதை அச்செடுத்துத் தரச் சொன்னேன். “இதுல ஒண்ணுமில்லியே” என்றார். இருந்தாலும் கொடுத்தார். கொடுக்கும்போது, “நீங்க ஒரு வாரந்தான் எறக்குனீங்க. அவுங்க வூட்ல அது இன்னும் ஏறல” என்றார்.

மற்ற நான்கு பேரும் திரும்ப எழுத வந்தார்கள். விழா நடந்தது. மேடையில் வேறொருவர் வாசித்தார். அந்த அம்மாவைக் கூப்பிட அக்கா இரண்டு முறை குப்பத்துக்குப் போய் வந்ததாகச் சொன்னார். பிறகு நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

இப்போது எங்களுக்கு வரும் கதைகளில் பாதி, இயந்திரத்திடம் சொல்லி வாங்கியதாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். பட்டியல் இருபத்திரண்டு கேள்விகளாக வளர்ந்திருக்கிறது. சந்தேகப்படுவதை நான் விடவில்லை, விட முடியாது. அந்த அக்காவையே இன்னமும் முழுக்க நம்பியதில்லை. ஏழாம் பகுதியின் கடைசி வாக்கியம் அவருடையதாகத்தான் இருக்கும் என்று இன்றும் தோன்றும். ஆனால் எதையும் இறக்குவதற்கு முன் தொலைபேசியை எடுக்கிறேன், பக்கத்து ஊர் என்றால் பேருந்து ஏறுகிறேன். ஏழு பகுதிகளும் தளத்தில் இருக்கின்றன. மேற்படியாருக்கு என்ன ஆயிற்று என்று இன்றும் எப்போதாவது யாராவது கேட்கிறார்கள். நான் இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளைப் பார்ப்பேன். இடம் இருக்கிறது. நாள் இல்லை. இப்படிக்கு என்பதன் கீழே யாரும் இல்லை. என்னிடம் வந்து சேர்ந்தவற்றில், நான் சந்தேகப்பட ஒன்றுமே இல்லாதது அது ஒன்றுதான்.