ஜாடியக்கா பளபளவென்று கழுவிய நாள்

ஜாடியக்கா கையைத் துடைத்துக்கொண்டு தொழிற்சாலை அறைக்குள் நுழைந்தாலே ஜாடியிலிருந்த காற்று அரண்டுபோய் வெளியேறிவிடும். சரி, கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. அந்தக் காற்றை உறிஞ்சியெடுக்கப் பம்பு அரைநாள் முக்கி முனகவேண்டும். அந்த முனகலும் சூடான எண்ணெய் வாசனையும்தான் அவளுக்கு இளமை. இன்றைக்கும் வீட்டு ஃபிரிட்ஜ் உறுமினால் பேச்சை நிறுத்திக் காதுகொடுப்பாள்.

ஜாடி என்றால் இடுப்புயரத்துக்குக் கவிழ்த்துவைத்த கண்ணாடிக் கூடு. அதற்குள் நிக்கலும் இரும்பும் கலந்த துண்டைச் சூடேற்றி ஆவியாக்குவாள். மேலே மாட்டிய கண்ணாடிச் சில்லில் அது மெல்லிய படலமாகப் படியும். பக்கத்தில் காந்தம் லேசாக அசைந்தாலும் படலத்தின் காந்தத் திசை திரும்பவேண்டும். திரும்பினால்தான் விலைபோகும்.

சரக்கு வாங்குகிறவர்கள் நேரில் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. சில்லு தேறாவிட்டால் பிரிவை மூடிவிட்டு அவளைப் பொட்டலம் கட்டும் கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். விடுவாளா? முந்தைய நாளே ஜாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, முகம் தெரியக் கழுவிவைத்தாள்.

மறுநாள் அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மதியம் எடுத்த சில்லைப் பக்கத்து அறை அளவுக்காரர், பிற்பாடு அவளைக் கட்டிக்கொண்டவர், கருவியில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“என்னங்க இது, நம்ம மேனேஜர் மாதிரி? ஒரு பக்கம் திரும்பிட்டா அப்புறம் அசையவே மாட்டேங்குது.”

“கேலி அப்புறம். எதனாலன்னு சொல்லுங்க.”

“ஜாடியக் கழுவினீங்களா?”

“பின்ன, அழுக்கோட காட்டவா?”

“அங்கதான் வினை. கண்ணாடியில ஒட்டின ஈரம் போகல. ஆவியா கிளம்பி படலத்துல கலந்துடுச்சு.”

அவள் உலோகப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மிச்சம் ஒரே துண்டு. வந்தவர்கள் கிளம்புவதற்குள் இன்னும் ஒரு தடவைதான் முடியும்.

மறுபடி பம்பை ஓட்டினாள், துண்டைச் சூடேற்றினாள். சில்லுக்குக் கீழே, ஆவியை மறைத்துத் திறக்க ஒரு தகரத் தட்டி உண்டு. அதை மூடியபடியே வைத்து, பாதி உலோகத்தைத் தட்டியிலும் ஜாடிச் சுவரிலும் படியவிட்டாள்.

“சுவத்துக்கா வெள்ளையடிக்கிற?” என்றார் மேனேஜர், தலையில் கைவைத்தபடி.

படிந்த புது உலோகம் பசித்த பிள்ளை மாதிரி மிச்ச ஈரத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டது. அப்புறம்தான் தட்டி திறந்தது. அந்தச் சில்லு, சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பியது. ஜாடி அவளிடமே நின்றது. வேலையை விடும்வரை முதல் பங்கு சுவருக்குத்தான்.

புது மருமகளிடம் இதைச் சொல்லி, “அவ்வளவு பேர் முன்னாடி தட்டிய மூடியே வெச்சேன் பாரு, அதுக்குத் துணிச்சல் வேணும்” என்று முடித்தாள் ஜாடியக்கா.

பேப்பருக்குப் பின்னாலிருந்து அளவுக்காரர் சொன்னார்:

“எங்க மூடி வெச்ச? அது சிக்கிக்கிச்சு. திறக்க மாட்டேங்குதுன்னு நீ அழுதே, நான்தான் ஓடிவந்து தட்டிவிட்டேன்.”