ஆறு நாள் படைப்பும் ஒரு பிளெக்ஸ் கடையும்

பிளெக்ஸ் கடை டிசைனர் வேலை என்பது, கடவுள் கொடுத்த முகத்தை வாடிக்கையாளர் கேட்கும் முகமாக மாற்றிக் கொடுக்கும் வேலை. தலைவருக்கு முடி வளர்ப்பது, மாப்பிள்ளைக்குத் தொப்பையைக் குறைப்பது, ஊரையே வெளுப்பாக்குவது என்று கண் பூத்துப்போன சக ஜீவன்களுக்கு நான் சொல்வது புரியும்.

செகந்திராபாத்தில், போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் பின்னால் எனக்கு அந்த வேலை. இந்தக் கோடையில் அதோடு வீட்டு வேலை ஒன்றும் சேர்ந்துகொண்டது. என் மகள் நித்யாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம். அவள் தாடையில் ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. போட்டோவில் அதை அழித்துக் கொடு என்றார் என் கணவர். அழித்தால் கல்யாணப் பேச்சையே விட்டுவிடுங்கள் என்றாள் நித்யா. போட்டோ என் கம்ப்யூட்டரில் திறந்தபடியே கிடந்தது.

சூரியனுக்கு முந்தின வெளிச்சம்

ஊரிலுள்ள ஒரு தமிழ்ச் சபையின் பாஸ்டர் வந்தார். பிள்ளைகளின் விடுமுறை வகுப்பில் மேடைக்குப் பின்னால் கட்ட ஒரு பிளெக்ஸ். கடவுள் உலகத்தைப் படைத்த கதை, நாளுக்கு ஒரு கட்டம். முதல் நாள் வெளிச்சம் என்றார். நானும் பெரிய சூரியன் ஒன்றைப் போட்டு வைத்தேன்.

மறுநாள் வந்தவர் சூரியனை எடுக்கச் சொன்னார். அது நாலாம் நாளில்தான் வருமாம். அப்படியானால் முதல் நாள் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, நிழலை நான் எங்கே விழவைப்பது என்று கேட்டேன். வம்புக்குக் கேட்கவில்லை, தொழில் சந்தேகம்தான். அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"வரட்டும்னு சொன்னாரு, வந்துச்சு. எந்தப் பக்கம்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்ல, சிஸ்டர்."

ஏழாம் நாள்

ஏழாம் நாள் கடவுள் ஓய்ந்திருந்தார் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். ஓய்ந்திருக்கும் கடவுள் என்றால் எனக்குத் தெரிந்தது ஒருவர்தான். எங்கள் பூஜை அலமாரி ரங்கநாதர் மாதிரியே, வெள்ளைத் தாடிக்காரர் ஒருவரைக் கையைத் தலைக்கு முட்டுக் கொடுத்துப் படுக்கவைத்தேன். பாம்பு வைக்கவில்லை, அவர்கள் கதையில் பாம்பு ஆகாது என்ற அளவுக்கு எனக்கு விவரம் உண்டு. கால்மாட்டில் யாரும் இல்லாமல் வெறிச்சென்று இருந்ததால் ஓர் ஆட்டுக்குட்டியை உட்காரவைத்தேன்.

பாஸ்டர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். படைத்தவரை வரையக்கூடாது, அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்றார். ஒவ்வொன்றையும் படைத்துவிட்டு அவர் பார்த்தார், எல்லாம் நன்றாக இருந்தது, அதனால் ஓய்ந்தார் என்று விளக்கினார். எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். முதல் புரூஃபிலேயே ஓகே சொன்ன கஸ்டமரை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நித்யாவின் போட்டோ தெரிந்தது. எல்லாம் நன்றாக இருந்தது என்றால் இதுவுமா என்று கேட்டுவிட்டேன். அவர் குனிந்து அந்தத் திட்டைப் பார்த்தார்.

"எல்லாம் அவரு படைச்சதுதான்னு நம்புறேன். ஏன் இப்படின்னு கேட்டா எனக்கும் தெரியாது, சிஸ்டர்."

இது யார் பிள்ளை

அதே சபையிலிருந்து மெர்ஸி என்ற பெண் வந்தாள். மகளுக்குப் பிறந்தநாள், தெருமுனையில் கட்ட பிளெக்ஸ் வேண்டும். குழந்தையின் கன்னத்தில் கண்ணிலிருந்து வாய்வரை சிவந்த மச்சம். கைப்பழக்கம், யோசிக்காமல் துடைத்தேன். கொஞ்சம் நிறமும் ஏற்றினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

இது யார் பிள்ளை என்று கேட்டாள். ஃபைல் மாறிவிட்டதோ என்று நானே ஒரு நிமிஷம் தேடினேன். அவள் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னாள், 'ஏன்' என்பதற்கு இந்த ஊர் 'கைக்கு' போட்டு.

"படைச்சவரு இப்படித்தான் அனுப்பினாரு. பெத்த நானே திருத்தல, நீங்க கைக்கு திருத்துறீங்க?"

நித்யா

அந்தச் சனிக்கிழமை என் கணவர் போட்டோவை வாங்கக் கடைக்கே வந்துவிட்டார். நித்யாவும் கூட வந்தாள். ஹப்சிகுடாவில் பையன் வீட்டார் காத்திருக்கிறார்களாம். போட்டோவில் தெரியாமல் இருந்தால் போதும், மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. முன்பு ஒரு வீட்டில் போட்டோவைப் பார்த்ததுமே வேண்டாம் என்றுவிட்டார்கள், அந்த வலி அவருக்கு. திட்டு அழித்தது ஒன்று, அழிக்காதது ஒன்று என இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மெர்ஸி மகளின் பிளெக்ஸ் மச்சத்தோடு அடித்துத் தரையில் காய்ந்துகொண்டிருந்தது. நித்யா அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து யார் என்று கேட்டாள். மெர்ஸி சொன்னதைச் சொன்னேன். எழுந்திருக்காமலே அப்பாவைப் பார்த்தாள்.

"டாடி, இந்தப் பாப்பா இவ்ளோ பெருசா தெருமுனையில நிக்கப் போறா. எனக்கு பையன் வீட்டுக்காரங்க போன்ல நான் நானா இருந்தா போதும். மேக்கப் பண்ணின பொண்ணு அவங்களுக்கு நக்கோ, எனக்கும் நக்கோ, வேணவே வேணாம்."

போட்டோ திட்டோடுதான் ஹப்சிகுடாவுக்குப் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. படைத்தது எங்கள் ரங்கநாதரா அவர்கள் ஆண்டவரா என்பதும் எனக்கு விளங்கவில்லை, யாராக இருந்தாலும் டிசைனரை ஒரு வார்த்தை கேட்காமல் நேராகப் பிரிண்டுக்கு அனுப்பியிருக்கிறார்.