மடுல்சீமையிலிருந்து சேர்வரை இறக்கிய பயணம்

சென்ற ஐப்பசி மழையில் பத்து நாட்கள் பதுளையில் இருந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை, அலுவலக வேலை. இந்த வலைப்பதிவை வாசிப்பவர்களில் என்னைப் போலக் கணினி வேலையாக மலையேறுகிறவர்களும் சிலர் இருக்கிறார்கள் என்று பின்னூட்டங்களில் பார்த்திருக்கிறேன். முக்கியமாக அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் பாதை விவரமாவது பயன்படும்.

நான் வேலை செய்யும் கம்பனிக்கு ஊவா மாகாணத்தில் மூன்று தேயிலைத் தோட்டங்கள். நமுனுகுலவில் ஒன்று, பசறைக்கு அருகே ஒன்று, மடுல்சீமைப் பக்கம் ஒன்று. ஒவ்வொரு தோட்டத்தின் அலுவலகத்திலும், அதாவது கந்தோரிலும், அந்தத் தோட்டத்துப் பதிவுகளை வைத்திருக்கும் ஒரு சேர்வர் இருந்தது. ஒன்று ஈரத்தில் நின்றுபோகும், இன்னொன்று மின்வெட்டில் படுத்துவிடும், மூன்றாவதற்குள் ஒருமுறை பல்லி செத்துக் கிடந்தது. நமுனுகுலவில் ஒரு வாரம் முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. அதனால் மூன்றையும் எடுத்துவிட்டு, பதுளைப் பிராந்திய அலுவலகத்தில் இரண்டு புதிய சேர்வர்களையும், இரண்டுக்கும் பொதுவாக ஒரு சேமிப்பகத்தையும் வைப்பதென்று முடிவானது. ஒன்று விழுந்தால் மற்றது உடனே வேலையை எடுத்துக்கொள்ளும். திட்டத்தை எழுதியவன் நான்தான். அது நல்ல திட்டம் என்று நம்பியே பஸ் ஏறினேன்.

கொழும்பிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்ட பஸ், இரத்தினபுரி, பலாங்கொடை, பண்டாரவளை வழியாக மதியம் இரண்டேகாலுக்குப் பதுளை வந்தது. பலாங்கொடையைத் தாண்டினால் வளைவுகள் வயிற்றைப் புரட்டும், சன்னலோர இருக்கையாகப் பாருங்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அறை கிடைத்தது. சுவரில் ஈரம், ஆனால் சுடுதண்ணீர் வந்தது. தோட்டங்களுக்குப் போக நஸார் நானாவின் வேனைப் பேசிக்கொண்டேன். டீசலோடு நாளுக்குப் பதினையாயிரம். பதுளைக்காரர், அறுபது வயதிருக்கும், அந்தப் பாதைகளில்தான் வாழ்நாள் முழுக்க ஓடியிருக்கிறார்.

இரண்டு நாளில் நமுனுகுலவும் பசறையும் முடிந்தன. நமுனுகுலவில் மூடுபனி. பத்தடிக்கு முன்னால் போன லொறியின் பின்விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினோம். அதற்கடுத்த நாள் மடுல்சீமை. பசறையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான், ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மலையிலிருந்து சிவப்புத் தண்ணீர் வழிந்து தாரின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த மழ இன்னும் ரெண்டு நாளைக்கி நிக்காட்டி ரோட்டு நிக்காது தம்பி," என்றார் நஸார் நானா. "வேலைய சுருக்கா முடிச்சிட்டு எறங்குவோம்."

கந்தோரில் எங்களுக்காகக் காத்திருந்தவள் திலகா. இருபத்தாறு வயது. உயர்தரம் வரை படித்தவள். அம்மாவும் அக்காவும் கொழுந்து பறிக்கிறார்கள், இவள் ஒப்பந்த அடிப்படையில் கணினிப் பதிவு வேலை செய்கிறாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் எந்த லயத்தில், எந்த வீட்டில், யார் யார் இருக்கிறார்கள் என்பதிலிருந்து, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்தவர்களின் பெயர் வரை எல்லாம் அவள் கையால் பதிவானதுதான். நான் சேர்வரை நிறுத்தியபோது பக்கத்திலேயே நின்றாள்.

"சேர், இத கொண்டு போயிட்டா எனக்கு வேல இருக்குமா?"

எனக்குத் தெரியாது என்றேன். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்டாளா என்று விசாரித்தேன்.

"மாசக் கடைசி வரைக்கும்னு சொல்லிட்டாரு. பதுளைக்கு வர்றதுன்னா வரலாமாம். ரெண்டு பஸ் மாறி தெனம் எப்படிங்க சேர் போய் வர்றது?"

தோட்டத்துக்கும் பதுளைக்கும் இடையில் ஒரே ஒரு கம்பிவழி இணைப்புதான். அதுவும் நாங்கள் ஏறிவந்த பாதையோரக் கம்பங்களில்தான் வருகிறது. வரும் வழியில் அவற்றைப் பார்த்ததிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. கந்தோர் வராந்தாவில் நின்று கொழும்பிலிருக்கும் என் மேலாளருக்கு அழைத்தேன். பழைய சேர்வரை இங்கேயே விட்டுவைப்போம், தினமும் பதுளையிலிருந்து அதற்கொரு பிரதி வரட்டும், அதைப் பார்த்துக்கொள்ள இந்தப் பிள்ளையும் இருக்கட்டும் என்றேன்.

"ஒன்றாக்குறோம்னு சொல்லித்தானே அனுமதி வாங்கினோம்? அங்கேயும் ஒன்னு இருந்தா அப்புறம் என்ன ஒன்றாக்கல்? கொண்டுவாங்க," என்றார்.

கொண்டுவந்தேன். திலகா தன் வீட்டிலிருந்து ஒரு பழைய போர்வை எடுத்து வந்து சேர்வரைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள்.

பதுளையில் எல்லாம் சரியாக நடந்தது. மூன்று தோட்டங்களின் தரவும் ஒரு குறையில்லாமல் ஏறியது. சோதனைக்காக ஒரு சேர்வரின் மின்கம்பியைப் பிடுங்கினேன். மற்றது வேலையை எடுத்துக்கொண்டது, தோட்டங்களில் யாருக்கும் தெரியவில்லை. சில நாள் கூட இருந்து கவனித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

எட்டாம் நாள் விடிந்தபோது மடுல்சீமை இணைப்பு இல்லை. அலுவலகத்துக்குப் போய் அரை மணி நேரத்தில் திலகா அழைத்தாள். கோயிலுக்குப் பின்னால் உள்ள மேட்டில்தான் சிக்னல் பிடிக்கும் என்றாள். காற்றும் மழையும் அவள் குரலை விழுங்கிக்கொண்டிருந்தன.

"சேர், ஆறாம் நம்பர் லயத்து மேல மண்ணு எறங்கிடுச்சு. சனங்க ஸ்கூல்லயும் ஃபெக்டரியிலயும் கோயில்லயும் செதறிக் கெடக்காங்க. ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க. எங்க தோண்டணும்னு ஆமிக்காரங்க பட்டியல் கேக்குறாங்க. கந்தோர் கம்ப்யூட்டர்ல ஒன்னுமே வரல."

அந்த லயத்தின் பதிவுப் பக்கம் என் திரையில் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. படமாக அனுப்பிப் பார்த்தேன், போகவில்லை. குறுஞ்செய்தியும் போகவில்லை. வாசிக்கிறேன் என்றேன்.

முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். நான் ஒரு பெயர் சொல்வேன், அவள் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வாள், அவளைச் சுற்றி நின்றவர்கள் கத்துவது கேட்கும். "இருக்காங்க சேர்." அடுத்த பெயர். "இருக்காங்க." இரண்டு முறை அழைப்பு அறுந்தது. மறுபடி பிடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். சுப்பையா என்ற பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சிவகாமி என்றேன். தர்ஷினி, வயது ஏழு என்றேன்.

"சிவகாமி அக்கா மகளோட பசறைக்கு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கறதா சொன்னாங்க சேர். அதனால அந்தப் பக்கம் யாருமே தோண்டல." திரும்பிச் சத்தமாக ஏதோ கேட்டுவிட்டு வந்தாள். "போனத யாரு பாத்தீங்கன்னு கேக்குறேன். யாரும் பாக்கலங்கிறாங்க."

அந்த வீட்டில் தோண்டச் சொல்லுங்கள் என்றேன். அதற்குள் அழைப்பு போய்விட்டது.

இருக்கையில் இருக்க முடியவில்லை. சுப்பையா பெயருக்கு எதிரே, பதுளையில் மாதாமாதம் வைத்தியம் என்று ஒரு குறிப்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரண்டாவது வார்டில் கட்டிலில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். எந்தத் தோட்டம் என்று அவரிடம் கேட்டேன், மடுல்சீமை என்றதும் அழுதேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரி இருக்காளா தம்பி?" என்று கேட்டார். அந்தப் பெயரையும் காலையில் வாசித்திருந்தேன், ஃபெக்டரியில் இருப்பதாக யாரோ கத்தியிருந்தார்கள். இருக்கிறார் என்றேன். நான் பத்து நாளில் உருப்படியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

சிவகாமியையும் தர்ஷினியையும் அன்று மாலை எடுத்தார்கள். வேறெங்கும் போகவில்லை, வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள். விடியற்காலையிலேயே பட்டியல் கந்தோரில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று நஸார் நானாவிடம் கேட்டேன். "அத நெனச்சிக்கிட்டே இருந்தா பைத்தியம் புடிக்கும் தம்பி," என்றார்.

மாதக் கடைசியில், எங்கள் அமைப்பு அந்த மாதம் ஒரு நொடிகூட நிற்கவில்லை என்று அறிக்கை போனது. அது உண்மை. பதுளையில் இரண்டு சேர்வர்களும் நிற்கவே இல்லை. மடுல்சீமையிலிருந்து யாரும் அவற்றைத் தொட முடியாமல் போன நாட்களை எழுத அந்த அறிக்கையில் இடமில்லை. எழுதிச் சேர்த்து அனுப்பினேன், நீக்கிவிட்டு மேலே அனுப்பினார்கள். பழைய சேர்வரைத் திருப்பி அனுப்பக் கேட்டேன். அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் மதியத்துக்கு முன் மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். பசறைக்கு மேல் சாப்பாட்டுக் கடைகளை நம்ப வேண்டாம், பசறையிலேயே சாப்பிடுங்கள். ஓட்டுநர் பாதையைப் பற்றிச் சொன்னால் கேளுங்கள். சேர்வர் எடுக்கப் போகிறவர்கள், இணைப்புக் கம்பி எந்தச் சரிவின் மேல் போகிறது என்று நடந்தே போய்ப் பாருங்கள். ஒரு பிரதியை அங்கே விட்டுவர விடாவிட்டால், எந்தக் கட்டளை வந்தாலும் பழையதைத் தூக்காதீர்கள். நான் தூக்கினேன்.

கார்த்திகை நடுவில் திலகா அழைத்தாள்.

"சேர், சிவகாமி அக்கா பேரும் பிள்ள பேரும் இன்னும் சிஸ்டத்துல இருக்கு. நேத்து பெரட்டுல அக்கா பேர கூப்ட்டுட்டாங்க. எல்லாரும் அழுவுறாங்க. என்னோட பாஸ்வேர்ட நிறுத்திட்டாங்க, நீங்க எடுத்து விடுங்க சேர்."

அவள் தொடர்பில் இருக்கும்போதே திறந்தேன். நீக்குவதற்குக் காரணம் ஒன்றைத் தெரிவு செய்யாமல் அடுத்த பக்கம் போகாது. தெரிவு செய்தேன், இரண்டு முறை. முடிந்தது என்றேன்.

"சரிங்க சேர். நான் பறிச்ச கொழுந்த நிறுக்கக் கூப்புடுறாங்க, நான் போறேன்."