‘இன்’னுக்கும் ‘ஆன்’னுக்கும் நடுவே

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் வாய்க்கு ஓய்வு கிடைத்தாலும் காதுக்குக் கிடைக்காது. பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ போனில் ‘ஐ ஆம் கோயிங் டு ஹோம்’ என்று சொன்னால், ‘டு வேண்டாம்’ என்று உள்ளே ஒரு குரல் கத்தும். மெனு கார்டு, கல்யாணப் பத்திரிகை, லிஃப்டில் ஒட்டிய நோட்டீஸ், எதையும் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது. கை பேனாவைத் தேடும்.

பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். காலையில் மயிலாப்பூரில் ஒரு வீட்டு வகுப்பு. மத்தியானம் தி.நகரில் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு சின்ன இன்ஸ்டிட்யூட். சாயங்காலம் அடையாறில் நர்சுகளுக்கு ஒரு வகுப்பு. எந்த இடத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாக உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை.

வருகிறவர்களுக்கு வார்த்தை தெரியாமல் இல்லை. பொருளுக்குப் பெயர் தெரியும், செய்கிற காரியத்துக்கும் வார்த்தை தெரியும். இரண்டுக்கும் நடுவே கொசு மாதிரி சுற்றுகிற இன், ஆன், அட், வித். வார்த்தையின் வாலில் வந்து ஒட்டிக்கொள்கிற ‘லி’. இவைதான் ஆளைக் கடிக்கின்றன. எது எதோடு சேரும், எது எதோடு சேராது என்பதற்குக் காரணம் கேட்டால் என்னிடமும் இல்லை. நீங்களும் இவற்றிடம் கடி வாங்கியவர் என்றால், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள், நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

நட்டநடு ரோட்டில் தாஸ்

தாஸ் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். கால் டாக்ஸி ஓட்டுகிறார், வயது நாற்பதுக்கு மேல். வெளிநாட்டு சவாரிகளோடு நாலு வார்த்தை பேசினால் நல்ல ரேட்டிங் விழும் என்று சேர்ந்தவர். ஒருநாள் வகுப்புக்குள் நுழையும்போதே போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். ஒரு ஹோட்டல் வாசலில் காத்திருந்த பயணிக்கு அவர் அனுப்பிய செய்தி: ‘ஐ ஆம் இன் த வே.’ பதிலுக்கு அந்த மனிதர், ‘இன் ஹூஸ் வே?’ என்று கேட்டிருந்தார். அதாவது, யார் வழியில்?

போர்டில் இரண்டையும் எழுதினேன். ‘ஆன் த வே’ என்றால் வந்துகொண்டிருக்கிறேன். ‘இன் த வே’ என்றால் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் அர்த்தம் தலைகீழ் என்று கால் மணி நேரம் விளக்கினேன். கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்ட தாஸ் சொன்னார்: “அப்போ நான் போட்டது கரெக்டுதான் மிஸ். பாண்டி பஜார்ல யூ-டர்ன் எடுக்கப்போயி, வண்டி குறுக்கால மாட்டிகினு கீது. அல்லாரும் என்னியத்தான் திட்டிகினு இருந்தாங்கோ.”

போகுமா, போகாதா

முருகேசன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை பார்க்கிறார். ஏழு வருஷம் பேக்கிங்கில் இருந்தவரைப் பட்டு மாடிக்கு மாற்றினார்கள். அங்கே வெளிநாட்டுக் கூட்டம் வரும். ஒரு மாதம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் மறுபடி பேக்கிங் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த ஒரு மாதமும் முருகேசன் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நான் தும்மினால் அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசி வாரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்திருக்கிறார். தோழி வீட்டுக் கல்யாணமாம். முருகேசன் சளைக்காமல் புடவைகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் போட, அந்த அம்மாள் மயில்கழுத்து நிறத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். கைப்பையிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்து அதன் மேல் வைத்து, ‘வில் இட் கோ வித் திஸ்?’ என்று கேட்டார். இதற்கு அது பொருந்துமா என்பதுதான் கேள்வி. முருகேசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ‘நோ மேடம்! நெவர் கோ! டென் இயர்ஸ் நெவர் கோ!’ என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் புடவையை வருத்தத்தோடு கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். போகும்போது சூப்பர்வைசரிடம், வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்ன ஒரே விற்பனையாளர் இவர்தான் என்று பாராட்டிவிட்டுப் போனாராம். சூப்பர்வைசருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் முருகேசனைப் பட்டு மாடியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டேன். முருகேசன் சொன்னார்: “சாயம் போவுமான்னுல்லா கேக்காவன்னு நெனச்சேன் மிஸ்!”

வாலில் ஒட்டிய ‘லி’

மயிலாப்பூரில் என் மாணவி ஒரு பாட்டு டீச்சர். எல்லோருக்கும் மாமி, எனக்கும் மாமிதான். அமெரிக்காவில் இருக்கும் குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். பாட்டு தமிழில் போய்விடும். பெற்றோருக்கு எழுதும் மெயில்தான் இங்கிலீஷில் வேண்டும். அவரிடம் பதினோரு வயதில் ஒரு பெண் படித்தாள். அவள் பெயரைச் சொல்லும்போதே மாமியின் முகம் மலரும். டிசம்பரில் அவளை இங்கே வரவழைத்து மேடையேற்ற வேண்டும் என்று ஆசை.

ஒரு காலை நான் போனபோது மாமி காப்பியைக்கூட மறந்துவிட்டு ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் இரண்டு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. கடைசியாக என்ன எழுதினீர்கள் என்று லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். குழந்தை நன்றாக உழைக்கிறாள் என்று பாராட்டி, ‘ஷீ ஹார்ட்லி ப்ராக்டிசஸ்’ என்று எழுதியிருந்தார். உழைப்புக்கு ‘ஹார்ட்’ போதும். அதோடு ‘லி’ சேர்ந்தால், உழைப்பதே இல்லை என்று ஆகிவிடும். அம்மாக்காரி அதைப் படித்துவிட்டு, இஷ்டமில்லாதவளைக் கட்டாயப்படுத்துவானேன் என்று பாட்டை நிறுத்திவிட்டாள். அங்கே அந்தக் குழந்தை, தினமும் ஒரு மணி நேரம் பாடினேனே, மாமி ஏன் பொய் சொன்னார் என்று அழுதிருக்கிறது.

அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மெயில் எழுதினோம். மாமி திருப்திப்படாமல் அதை ஆறு தடவை மாற்றச் சொன்னார். மறுநாள் காலை திரையில் அந்தப் பெண் தம்பூரா பெட்டியோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு போன் வந்தது. மாமி சொன்னார்: “ஒரு ஸ்வரம் ஜாஸ்தியாப் போட்டா ராகம் மாறும்னு நேக்குத் தெரியும். ஒரு ‘லி’ ஜாஸ்தியாப் போட்டா ஒழைக்கிற கொழந்தை சோம்பேறியாயிடுவாள்னு நீ ஏண்டியம்மா முன்னாடியே சொல்லலை?”

எதைப் பற்றி?

இன்ஸ்டிட்யூட்டின் டைரக்டர் பாஸ்கர் சார் நல்ல மனிதர். ஆனால் எதைத் திருப்பிக் கொடுத்தாலும் ‘ரிட்டர்ன் பேக்’ செய்வார், எதைச் சமாளித்தாலும் ‘கோப் அப்’ செய்வார், வேண்டாத ஒரு வார்த்தை வாலில் தொங்கும். ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டு, நான் மாணவர்களை ரொம்பத் திருத்துகிறேன் என்றும், அதனால் ஆட்கள் வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள் என்றும், ‘வி மஸ்ட் டிஸ்கஸ் அபவுட் இட்’ என்றும் சொன்னார். திருத்தக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய், “அபவுட் வேண்டாம் சார், டிஸ்கஸ் போதும்” என்றது. வேலை போய்விடுமோ என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பாஸ்கர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்: “அபவுட் இல்லாம எதைப் பத்தி மிஸ் டிஸ்கஸ் பண்றது?”

யார் அடிக்கிறார்கள்?

இன்ஸ்டிட்யூட்டுக்குக் கீழே இரண்டாம் மாடியில் பியூட்டி பார்லர். அங்கே வேலை செய்யும் ரோஸி மணிப்பூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். வகுப்புகளுக்கு நடுவே மாடிப்படியில் நின்று நான் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, அவர் என்னிடம் தமிழ் கேட்டுக்கொள்வார். இங்கிலீஷில் டீ ஸ்ட்ராங், மழை ஹெவி. மழையை ஏன் ஸ்ட்ராங் என்று சொல்லக்கூடாது என்று அன்றைக்கு மேலே வகுப்பில் ஒருவர் கேட்டு என் மண்டையைக் குடைந்திருந்தார். அந்த எரிச்சலை ரோஸியிடம் கொட்டினேன்.

ரோஸி சிரித்துவிட்டு, விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். பார்லருக்கு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தவை. தலை வலிக்கும், ஆனால் தலை சுற்றும்போது நிஜமாகத் தலை சுற்றுவதில்லை. தூக்கம் வரும், பசி எடுக்கும், கோபம் ஏறும். அப்படியே அண்ணாந்து, படிக்கட்டு ஜன்னல் வழியே தெரிந்த மே மாத வானத்தைக் காட்டிச் சொன்னார்: “அக்கா, வெயில் அடிக்குது அடிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. கையே இல்லியே, எப்டி அடிக்குது?”

வார்டுக்கு

கஸ்தூரி அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான இங்கிலீஷ் தேர்வு எழுதப்போகிறவள். வெளிநாட்டிலிருந்து நோயாளிகளின் பிள்ளைகள் போன் செய்தால் தமிழுக்குத் தாவாதே, இங்கிலீஷிலேயே பேசு, அதுதான் பயிற்சி என்று அவளிடம் சொன்னது நான். ‘ஹீஸ் கான் டு த பேங்க், ஹீஸ் கான் டு த மார்க்கெட்’ என்று அந்த வாரம் முழுக்க ஒப்பிக்கவைத்ததும் நான்தான்.

ஐ.சி.யூ.வில் ஒரு பெரியவர் இருந்தார். அபிராமபுரத்துக்காரர், மனைவி இல்லை, ஒரே பிள்ளை வெளிநாட்டில். ஒரு காலை உடம்பு தேறி அவரை வார்டுக்கு மாற்றினார்கள். அடுத்த ஐந்தாவது நிமிஷம் பிள்ளையின் போன். கஸ்தூரி உற்சாகமாக, ‘சார், யுவர் ஃபாதர் இஸ் கான்’ என்றாள். ‘டு த வார்டு’ என்று அவள் சொன்னது அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. லைன் அறுந்து, அப்பா போய்விட்டார் என்பது மட்டும்தான் பிள்ளையின் காதில் விழுந்தது.

தமிழில் சொல்லியிருந்தால் ‘அப்பாவை வார்டுக்கு’ என்ற இடத்தில் அறுந்திருந்தாலும் யாரும் பயந்திருக்க மாட்டார்கள். இடத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் நாம் ஆளை நகர்த்துவோம். இங்கிலீஷ் ஆளை முதலில் அனுப்பிவிடுகிறது. கஸ்தூரி திரும்பத் திரும்பப் போட்டும் அந்த எண் கிடைக்கவில்லை. கிடைத்தபோது பிள்ளை விமான நிலையத்தில் இருந்தார். நடுவில் கோபத்தில் ஒரு புகார் மெயிலும் அனுப்பிவிட்டிருந்தார். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை, விமானம் ஏறிவிட்டார். கஸ்தூரிக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வெளிநாட்டு வேலைக்கு இங்கே நற்சான்று வேண்டும். மெமோ பதிவில் இருந்தால் அது கிடைக்காது.

இரண்டு நாள் கழித்து, விளக்கக் கடிதத்தை நானே எழுதி, தப்பு என் பாடத்தில்தான் என்று கையெழுத்துப் போட்டு, பார்வையாளர் நேரத்தில் எடுத்துக்கொண்டு போனேன். கஸ்தூரி வார்டு வாசலில் அழுத முகத்தோடு நின்றாள். உள்ளே அந்தப் பிள்ளை, ஐம்பது வயது இருக்கும், கசங்கிய சட்டையோடு அப்பாவுக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் இவளுடைய இங்கிலீஷ் டீச்சர் என்றதும், புகாரைக் காலையிலேயே வாபஸ் வாங்கிவிட்டதாகச் சொன்னார். நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். பெரியவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பிள்ளைக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: “ஆறு வருஷமா வரேன் வரேன்னு சொல்லிட்டே இருந்தான்மா. இந்தப் பொண்ணு அரை வாக்கியத்துல வரவெச்சுட்டா. இவளுக்கு இந்தத் தப்பை மட்டும் திருத்திடாதீங்க.”

இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என்னால் யாருக்காவது இங்கிலீஷ் வந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் எனக்கு எந்த மொழியிலும் ஒரு வாக்கியத்தை நிம்மதியாகப் பேசி முடிக்க வராமல் போனது மட்டும் நிச்சயம்.