நாலு டிஸ்க்கில் ஒரு குரல்

செல்லூர்ச் சந்தில் விசைத்தறிகள் ஓடும் நேரமெல்லாம் முனீஸ்வரி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் கம்ப்யூட்டர் முன் உட்காருவாள். கல்யாணம், காதுகுத்து வீடியோக்களை வெட்டிக் கோப்பது அவள் வேலை. எடுத்துக் கொடுத்தவன் கணவன் அழகுபாண்டி. போன வருஷம் கப்பலூர் மண்டபம் ஒன்றிலிருந்து பைக்கில் திரும்பியவனை லாரி அடித்துப் போட்டது.

ஊரையெல்லாம் படம் பிடித்தவனை யாரும் பிடித்து வைக்கவில்லை. அஞ்சலி பேனருக்கு ஆதார் படத்தைத்தான் பெரிதாக்கினார்கள். போனில்கூட அவன் குரல் இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னால், வீட்டுக்குத்தானே வாரேன், வந்து சொல்றேன் என்கிற ஆள். கேமராவில் எடுத்தபடியே, வெட்டாமல் கிடந்த பதிவுகளில் மட்டும் அந்தக் குரல் இருந்தது. "அப்பத்தா, இங்கிட்டுப் பாருங்க." "மாப்ள, மாலையத் தூக்கிப் பிடி." வீடியோவைக் கொடுத்ததும் பதிவுகளை அழித்துவிடுவதுதான் தொழில் வழக்கம். அவன் போனபின் முனீஸ்வரி ஒன்றையும் அழிக்கவில்லை.

கொழுந்தன் சிவக்குமார் கேமராவை எடுத்துக்கொண்டான். புது வேலைகள் வந்தன, இடம் போதவில்லை. இருந்ததோ நாலு ஹார்ட் டிஸ்க். ஒன்று பழைய கம்ப்யூட்டரில் கழற்றியது, ஒன்று மூடிப்போன பிரௌசிங் சென்டருடையது, ஒன்று சிசிடிவி பெட்டிக்குள் ஓடியது, ஒன்றுதான் புதுசு. நாலும் நாலு அளவு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இடம் மிச்சம். ஒரு கல்யாணம் எதிலும் முழுசாக அடங்காது.

"எதுக்கு மதினி இம்புட்டையும் கட்டி அழுறீக? பழசத் தூக்கிப் போட்டா இடம் தன்னால வரும்."

"பழசுலதான் ஒங்கண்ணன் இருக்காரு."

அவன் கேமராப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

நாலையும் ஒரே டிஸ்க்காகச் சேர்க்கலாம் என்று அவளே பார்த்துத் தெரிந்துகொண்டாள். தெருவில் ஒருவரிடம் பெரிய டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, எல்லாவற்றையும் அதில் ஏற்றி, நாலையும் அழித்துத் துடைத்தாள். கம்ப்யூட்டர் இரண்டு வழி காட்டியது. ஒவ்வொன்றையும் இரண்டு பிரதியாக வைக்கும் வழியில் இடம் பாதியாகும். மற்றதில் முழு இடமும் கிடைக்கும். ஆனால் ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போகும். பாதி இடத்தில் அவன் பதிவுகளே அடங்காது. முழுசைத் தேர்ந்தெடுத்தாள். பதிவுகளைத் திரும்ப இறக்கியதும், அடுத்தவர் பொருளை அழுக்காகத் திருப்பக்கூடாது என்று இரவல் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தாள்.

ஆடி முடியும் முன்பே சிசிடிவி டிஸ்க் டிக் டிக்கென்றது. மறுநாள் நாலும் சேர்ந்த அந்த ஒரே டிஸ்க் திரையிலேயே இல்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரர் அசோக்குமார் நாலையும் மாட்டிப் பார்த்தார். "மூணு நல்லாத்தான்க்கா இருக்கு. ஆனா ஒவ்வொரு வீடியோவையும் துண்டு துண்டா நாலுலயும் பரத்தி வச்சிருக்கு. இந்த ஒண்ணு உள்ளுக்குள்ள தேஞ்சுபோச்சு. மெட்ராஸுக்கு அனுப்பினாலும் வராது. வேற காப்பி இருக்கா?"

இரவல் டிஸ்க்கில் இதற்குள் சினிமாப் படங்கள் நிரம்பியிருந்தன.

ஒத்தக்கடையில் இருக்கும் ரோகிணி வீட்டுக்கு பஸ் ஏறினாள். அழகுபாண்டி கடைசியாக எடுத்த கல்யாணம் அவளுடையது. முனீஸ்வரி வெட்டிக் கோத்துக் கொடுத்திருந்த பென்டிரைவை டிவியில் செருகினார்கள். தாலி கட்டி முடிந்து, ரோகிணி கேமராவைப் பார்த்து ஏதோ பதில் சொல்லி, மாப்பிள்ளை தோளில் விழுந்து சிரித்தாள். மேலே நாதஸ்வரம் ஓடியது. மண்டப இரைச்சலை மொத்தமாக நிறுத்திவிட்டு நாதஸ்வரம் ஏற்றியது முனீஸ்வரிதான். எந்த வீடியோவிலும் அவள் அப்படித்தான் செய்வாள். தெரிந்தும் டிவி பக்கத்தில் போய் நின்று, சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். நாதஸ்வரம் கூடியது.

"அண்ணே அப்ப என்னமோ சொன்னாருக்கா. வயிறு வலிக்கச் சிரிச்சேன். என்னான்னுதான் ஞாபகமில்ல."

முனீஸ்வரிக்கு ஞாபகமிருந்தது. எத்தனையோ முறை ஹெட்போனில் கேட்டது.

"கரண்டு பில்லுக் கட்ட வந்தவ மாதிரி நிக்காதத்தா, கல்யாணப் பொண்ணு நீதான், அப்டின்னாரு" என்றாள்.

அவள் குரலில் அது யாரோ யாரையோ கடிந்துகொண்டது போலிருந்தது. ரோகிணி மரியாதைக்குச் சிரித்தாள்.