நூற்றிருபது நீல நாற்காலிகள்

அன்று இருந்தவர்கள்: சங்கத்தின் தலைவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டமில்லாத இடத்திலும் எல்லோரையும் முன்னே நகரச் சொல்வார். செயலாளர், தையல் கடை வைத்திருக்கும் பெண். டிசைன் படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர்: பக்கத்து ஊரான காரோட்டிலிருந்து வரும் காரோட்டுக்காரப் பெண், தலைமுடியைக் கொண்டை போட்ட பையன், எதைக் கண்டாலும் போட்டோ எடுக்கும் இன்னொரு பெண். பிறகு நான். எனக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. சங்கத்து ஷெட் சாவி என்னிடம்.

எங்களுடையது மரண உதவி சங்கம். பாறசாலையிலிருந்து வெள்ளறடை போகும் வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மாடிக் கட்டடம். ஒரு வீட்டில் ஆள் இறந்தால் நாற்காலி, டார்ப்பாய், சாயா போடும் பாத்திரம் எல்லாம் இங்கிருந்து போகும். சபைக்காரர் வீட்டுக்கும் கோயில்காரர் வீட்டுக்கும் ஒரே நாற்காலிதான். வெள்ளை நாற்காலி. முதுகில் கறுப்பு எழுத்தில் ‘மரண உதவி சங்கம்’ என்று இருக்கும். காலையில் போனது மாலை விளக்கு வைக்கும் முன் கழுவித் திரும்பி வரும். பதினொரு வருடத்தில் ஒரு நாற்காலியைக்கூட நான் தேடிப் போனதில்லை.

பிள்ளைகள் ஸ்டுடியோ தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். தலைவர் உடனே சட்டையின் மேல் பித்தானைப் போட்டார்.

“போட்டோ ஸ்டுடியோ இல்ல மாமா,” என்றாள் காரோட்டுக்காரி. “நாட்டுல உள்ள சங்கங்களுக்கு டிசைன் செய்து குடுக்கோம். லைப்ரரி, பால் சங்கம், உங்க சங்கம். சும்மா. மாடியில உள்ள ரூம் மட்டும் எங்களுக்குத் தந்தா போதும்.”

மாடி அறையில் பழைய பேனரும் வவ்வாலும் இருந்தன. தலைவர் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

முதல் வேலை எங்கள் சங்கம் என்று ஆயிற்று. மூன்று வாரம் கேள்வி கேட்டார்கள். கொண்டைக்காரப் பையன் வடக்கே உள்ளவன், மலையாளத்தில் கேட்பான். காரோட்டுக்காரி தமிழில் சொல்வாள். எங்களுக்கு மலையாளம் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் சொல்வாள்.

“சங்கத்தப் பத்தி உங்க ஆசை என்னன்னு கேக்கான்.”

தலைவர் யோசித்தார். “ஆளு சாவாண்டாம்னு சொன்னா சங்கத்தப் பூட்டணும். சாவணும்னு சொன்னா நாட்டுக்காரன் அடிப்பான். நான் என்னத்த மக்களே சொல்ல?”

அதையும் மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்.

ஒரு வெள்ளை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். “இந்தக் கசேரையப் பாத்தா மாமாவுக்கு என்ன தோணும்?”

“இருக்கத் தோணும்.”

“வேற?”

“எழும்பத் தோணும்.”

அதற்கு இரண்டு தாள். வாரம் முடியும்போது சுவர் முழுவதும் மஞ்சளாகிவிட்டது. ஒருநாள் ஜன்னல் வழியாகக் காற்று வந்து பாதித் தாளைக் கொண்டுபோயிற்று. ரப்பர் தோட்டத்தில் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். கிடைத்த வரிசையில் ஒட்டினார்கள். இப்போதுதான் தெளிவாக இருக்கிறது என்றான் பையன்.

கடைசியில் பொதுக்கூட்டத்தில் காரோட்டுக்காரி எழுந்து ஒன்று கேட்டாள். “துக்கத்துல வந்து இருக்கியவங்களுக்க முதுகுல மரணம்னு எழுதி வைக்கலாமா?”

 கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் நாற்காலிகளும் கீறிப் போயிருந்தன. பழையதை ஆக்கிக்கடையில் எடைக்குப் போட்டுப் புதிதாக நூற்றிருபது வாங்கினோம். நிறம் பிள்ளைகள் சொன்னது. வானத்து நீலம். முதுகில் ஒரு வெள்ளை நந்தியாவட்டப் பூ. அடியில் ‘துணை’ என்று ஒரே சொல். மரணம் என்ற எழுத்து எங்கும் இல்லை.

முதலில் போனது மிளகும் பாக்கும் வாங்கி விற்கும் ஒரு மலஞ்சரக்கு வியாபாரி வீட்டுக்கு. சபையிலிருந்து வந்தவர்கள் நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இறந்தவரின் மகன் கண்ணைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

“கசேரை கொள்ளாம், நல்லா இருக்கு, கேட்டியளா.”

மாலையில் எண்ணினேன். நூற்றுப் பதினொன்று. நாளை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அடுத்த வீட்டில் ஆறு போயிற்று. அதற்குள் கல்யாண நிச்சயத்துக்குக் கேட்டு வந்தார்கள். பிறந்தநாளுக்குக் கேட்டார்கள். முன்பு யாரும் அப்படிக் கேட்டதில்லை. தலைவருக்குப் பெருமை. கொடுக்கச் சொன்னார். போனதெல்லாம் திரும்பி வரவில்லை.

பிறகு நான் போகிற வழியெல்லாம் நீலம் கண்ணில் பட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் இரண்டு. முடிவெட்டும் கடையில் ஒன்று, அதில் ஒருவன் முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தான். என் சித்தப்பா மகன் வீட்டு வாசலில் நான்கு. நடுவில் ஒரு மேசையும் போட்டு, மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

“எலே, இது சங்கத்துக் கசேரையாக்கும்.”

“சங்கத்துக் கசேரை வெள்ளை இல்லியா அண்ணே.”

“மாத்தியாச்சு.”

“பஞ்சாயத்து எலக்சனுக்கு எவனோ பூ சின்னக்காரன் தந்ததுன்னு சொல்லியாக்கும் எனக்க பெண்டாட்டி வாங்கி வச்சா. நாங்க ஓட்டும் போட்டாச்சு.”

“இந்தப் பூ சின்னத்துல யாரும் நிக்கல்லியேடே.”

“அதான் தோத்துட்டான் போல.”

மரச்சீனி நீட்டினான். தின்றேன். நாற்காலி தரவில்லை. சங்கத்தின் பெயர் இல்லாமல் எதைக் காட்டி வாங்குவது?

வருடக் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. கூட்டத்தன்றுதான் இருப்பைச் சரிபார்ப்பார்கள். ஷெட்டில் எண்ணினேன். எழுபத்தொன்று. நாற்பத்தொன்பது குறைவு. தலைவரிடம் சொன்னேன். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

“ஞாயித்துக்கெழமை நூத்திருவது இல்லேன்னா, ஒனக்க கையில சாவி இருக்காது. இவங்களுக்கு ரூமும் இருக்காது. முன்னே நகருங்க.”

நகர இடமில்லை. சுவரில் முட்டி நின்றோம்.

சாவி போனால் எனக்குக் கூலியொன்றும் குறையாது. ஆனால் பதினொரு வருடம் ஊரில் என்னைச் சாவிக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைப் பற்றி வேறு எதுவும் யாரும் சொன்னதில்லை.

பிள்ளைகள் இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். பையன் ஊர் வரைபடம் போட்டு, நாற்காலி இருக்கும் வீட்டுக்கெல்லாம் நீலப் புள்ளி வைத்தான். நல்ல வரைபடம். புள்ளி எதுவும் எழுந்து வரவில்லை. போட்டோக்காரப் பெண் வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தாள். எல்லோரும் நாற்காலியில் அமர்ந்து, சிரித்து, படத்தைத் தங்களுக்கும் அனுப்பச் சொன்னார்கள்.

புதன்கிழமை மழை. ரப்பர் வெட்டில்லை. ஷெட்டில் இருந்தேன். காரோட்டுக்காரி இரண்டு கிளாஸ் கட்டன் சாயா கொண்டுவந்தாள்.

“மாமா, முன்னே வெள்ளைக் கசேரை எல்லாம் எப்படித் திரும்பி வந்துது?”

“அவங்களே கொண்டு வருவாங்க.”

“ஏன்?”

“மரண வீட்டுக் கசேரைய விளக்கு வச்ச பெறவு யாரு வீட்டுல வைப்பா? வச்சா அடுத்தது அந்த வீடுன்னு சொல்லுவாங்க. ஓடி வந்து தந்துட்டுப் போவாங்க.”

அவள் தன் சாயாவைக் கீழே வைத்தாள். “இத அப்பமே சொல்லாததென்ன?”

“நீங்க கேக்கல்லியே. தோணுறதத்தானே கேட்டிய.”

சாயாவை அப்படியே விட்டு எழுந்தாள். பிறகு மாடிக்கு ஓடினாள். மேலே தாள் கிழிக்கும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலை ஒரு ஆட்டோவில் மைக் கட்டினார்கள். காரோட்டுக்காரி முன்னால் அமர்ந்தாள். நான் பின்னால், வழி காட்ட. அவள் எழுதிக்கொண்டு வந்தது சில வரிதான். தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை. சத்தம் போடவில்லை. மெதுவாக, மரியாதையாகப் படித்தாள்.

“நாட்டாருக்கு ஒரு அறிவிப்பு. நீல நிறம், வெள்ளைப் பூ உள்ள நாற்காலிகள் மரண உதவி சங்கத்துக்குச் சொந்தமானவை. இதுவரை ஏழு மரண வீடுகளில் பயன்பட்டவை. வைத்திருப்பவர்கள், விருப்பமிருந்தால், தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம்.”

சந்திப்பில் ஒருமுறை படித்தாள். ஆட்டோ ஸ்டாண்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

வெள்ளறடை ரோடு வரை போய்த் திரும்பினோம். நாங்கள் வருவதற்குள் ஷெட் வாசலில் பதினாறு நாற்காலி நின்றது. ஆள் யாருமில்லை. முடிவெட்டுக்காரர், நாற்காலியில் ஒட்டிய முடியோடு கொண்டு வந்தார். துடைக்கக்கூட நிற்கவில்லை. ஒருவர் ஸ்கூட்டரில் பின்பக்கமாக நாற்காலியைக் கட்டி, தான் முன்னால் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தார். ஒன்றில் மஞ்சள் தெளித்திருந்தது. ஒன்றில் டெட்டால் மணம். என் சித்தப்பா மகன் நான்கையும் தலையில் அடுக்கிக்கொண்டு வந்தான்.

“அண்ணே, நீ அண்ணைக்கு வந்தப்போ இதச் சொல்லாண்டாமா?”

“சங்கத்துதுன்னு சொன்னேனே.”

“மரண வீட்டுக்குப் போனதுன்னு சொல்லல்லியே. ஒரு மாசமா அதுல இருந்தாக்கும் நாங்க தின்னுது.”

“தெரியும். நானும் தின்னேன்.”

அவன் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனான்.

மத்தியானத்துக்கு மேல் பூ இல்லாத நீல நாற்காலியும் வந்தது. கொண்டு வந்தவரை நிறுத்தினேன்.

“இது உங்களுக்க சொந்தக் கசேரை. பூ இல்ல.”

“அழிஞ்சிருக்கும்.”

“அழியாத பெயிண்டாக்கும்.”

“வாங்கின கடைகூட எனக்கு ஓர்மை உண்டு, மறக்கல்ல. ஆனா நேத்து பூரா அதுல இருந்துட்டேன். மனசு சரியில்ல. வச்சிக்கிடும்.”

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் வந்தார்கள். நான் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கூடியது. ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. தலைவர் தானே எண்ணினார், பஸ்ஸில் தலை எண்ணுவது போல ஒவ்வொன்றின் முதுகையும் தட்டி. முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். காரோட்டுக்காரி என் பக்கத்தில் நின்றாள். பையன் கொண்டையை அவிழ்த்துக் கட்டினான். போட்டோக்காரப் பெண் அன்று போட்டோ எடுக்கவில்லை.

இரண்டாவது எண்ணலும் முடிந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். மாடி ஜன்னலைப் பார்த்தார்.

“சாவிய நீயே வச்சுக்க. ரூமும் அவங்களுக்கு இருக்கட்டும்,” என்றார். “ஆனா இத எப்படி எழுதுததுன்னு எனக்கு அறியாது.”

செயலாளர் இருப்புப் புத்தகத்தை விரித்து, எத்தனை என்று கேட்டார்.

நூற்று முப்பத்தொன்று.