நடுவில் வைத்த தட்டு

பெரம்பலூருக்கும் அது வந்துவிட்டது. பைபாஸ் ஓரமாக, கண்ணாடிச் சுவரும் கயிற்றில் தொங்கும் மஞ்சள் பல்புகளுமாக ஒரு புது உணவகம். போன மாதம் ஆபீசில் ஒருவர் தன் பிறந்தநாளுக்கு எங்களையெல்லாம் அங்கே கூட்டிப்போனார். உட்கார்ந்ததும், "மேம், எல்லாமே ஷேர் பண்ணிக்கிற மாதிரி நடுவுல வெச்சிரவா?" என்று பரிமாறுகிறவர் கேட்டார். எனக்கு வந்ததே எரிச்சல். "எனக்குத் தனியா ஒரு தயிர்சாதம் போதும்" என்று சொல்லிவிட்டேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நடுவில் தட்டை வைத்து நாலு பேர் எடுத்துச் சாப்பிடுகிற அந்த ஏற்பாட்டின் மேல் எனக்குள்ள கடுப்பு அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சென்னையில் வேலை பார்த்த நாட்களில் நானும் இதை ஆசை ஆசையாகச் செய்தவள்தான். என்னோடு வேலை பார்த்த ஒருவரும் நானும் சம்பளம் வந்த வாரம் இப்படி ஒரு இடத்தைத் தேடிப் போவோம். ஒரு தட்டை வாங்கி நடுவில் வைத்துக்கொள்வோம். கடைசித் துண்டு யாருக்கு என்று சண்டை நடக்கும். எப்போதும் அவர்தான் விட்டுக்கொடுப்பார். விட்டுக்கொடுத்துவிட்டு நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படித்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று முடிவு செய்து, தா.பழூர் பக்கம் வயலும் மாடுமாக இருக்கிற அப்பாவிடம் போய் நின்றேன்.

நான் கட்ட நினைத்தவர் வேறு சாதி. என்ன சாதி என்று இங்கே எழுதப்போவதில்லை. ஊர்க்கணக்கில் எங்களை மேலே என்பார்கள், அவர்களைக் கீழே என்பார்கள். அந்தக் கேடுகெட்ட கணக்கைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும். அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். அப்பாவை நான் ஒற்றை ஆளாகத்தான் பேசிச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடம் அவர் பிடிகொடுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சொந்தக்காரர்கள் வந்து குதித்துவிட்டுப் போனார்கள். சித்தப்பா, "இந்தக் கல்யாணம் நடந்தா இந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாள், அறுவடை முடிந்த கையோடு போன் செய்தார்.

"பாப்பா, அவங்க வூட்டுல எப்ப வரச் சொல்றாங்கன்னு கேளு. நான் வரேன்."

"தம்பியையும் கூட்டிக்கிட்டு வாங்கப்பா."

"அவன் எதுக்கு? பேசப்போறது நான்தானே."

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நான் விரும்பியவருக்கு அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாதான் சந்திக்கிற இடத்தைச் சொன்னார். வீட்டில் வேண்டாம், நுங்கம்பாக்கத்தில் இருக்கிற ஒரு உணவகத்தில் மதியம் சந்திக்கலாம், செலவு தங்களுடையது என்றார். அங்கே எல்லாமே நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுகிற தட்டுகள்தான். நாங்கள் இருவரும் முன்பே போயிருக்கிறோம். அந்த அம்மாவுக்கு இப்படிப்பட்ட இடம் எதற்கு என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நவநாகரிகமாக நடத்த ஆசைப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஜெயங்கொண்டத்தில் விடியற்காலை பஸ் ஏறி வந்தார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. மாற்றுத் துணி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து விளக்குகளைப் பார்த்தார். "கரண்டு இல்லியா?" என்று என் காதில் கேட்டார். அவ்வளவு மங்கல். உட்கார்ந்த பிறகு மஞ்சள் பையைக் கீழே வைக்கவே இல்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார்.

முதல் தட்டு வந்தது. கறுப்புக் கல் போன்ற ஒரு தட்டு. அதில் உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்குக் காளான் மிளகு வறுவல். அதற்கு ஒரு நீளமான விளக்கம் வேறு. அந்த அம்மா தன் கையாலேயே தட்டை அப்பா பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்குங்க சார்."

"இருக்கட்டும்ங்க" என்றார் அப்பா.

அடுத்து நண்டு ரசம் சின்னக் குவளைகளில் வந்தது. பிறகு விரல் நீளத்துக்குப் பரோட்டாவைச் சுருட்டி அடுக்கிய ஒரு தட்டு. பிறகு மீன். ஒவ்வொன்றும் நடுவில் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொன்றையும் அந்த அம்மா முதலில் அப்பா பக்கம் தள்ளினார். அப்பா ஒவ்வொன்றுக்கும் "இருக்கட்டும்ங்க, இருக்கட்டும்" என்றார். தண்ணீரைக்கூடத் தொடவில்லை. பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி பையும் மடியுமாக உட்கார்ந்திருந்தார். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"சாப்பிடுங்கப்பா."

"அப்பறம் சாப்பிடுறேன். மொதல்ல பேசுவோம்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

அது அந்த அம்மா காதிலும் விழுந்தது. "பேச்சு எங்க சார் போயிடப்போகுது? சூடா இருக்கும்போதே ஒரு வாய் சாப்பிடுங்க" என்றார். குரலில் லேசான நடுக்கம் இருந்தது. அப்பா சிரிக்கப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.  மழை, பஸ், நெல் விலை என்று அந்த அம்மாவின் மகன்தான் எதையோ இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தட்டுகள் எல்லாம் வைத்தது வைத்தபடி ஆறிப்போயின. தலை வலிக்கிறது என்று சொல்லி அந்த அம்மா எழுந்துகொண்டார். கல்யாணம் என்ற வார்த்தையை யாருமே உச்சரிக்கவில்லை.

பஸ் ஏற்றிவிடப் போனபோது அப்பாவோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்பா மஞ்சள் பையில் கைவிட்டு ஒரு வாழைப்பழத்தை எடுத்தார். எங்கள் கொல்லைப் பூவன். ஒன்றை உரித்துச் சாப்பிட்டுவிட்டு எனக்கும் ஒன்றை நீட்டினார்.

"ஒண்ணு தின்னு பாப்பா. நீயும் சரியாச் சாப்பிடல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் தருவதைச் சாப்பிடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு, ஊரிலிருந்தே பழத்தைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! "எனக்கு வேணாம். நீங்களே தின்னுங்க" என்றேன். அவர் அந்தப் பழத்தைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் அந்த அம்மாவின் மகன் எனக்காக நின்றுகொண்டிருந்தார். முகமே சரியில்லை.

"அம்மா வேணாங்குறாங்க. அழுதுக்கிட்டே இருக்காங்க. அந்த ஓட்டல ஏன் புடிச்சாங்க தெரியுமா? எல்லாரும் ஒரே தட்டுல எடுத்துச் சாப்பிடுற இடம்னு நான் எப்பவோ சொன்னேன். அதை ஞாபகம் வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க. சின்ன வயசுல அவங்களுக்கு ஊர்ல தண்ணிய ஒசரத்திலேருந்து கையிலதான் ஊத்துவாங்களாம். உங்கப்பா நம்மகூட ஒரே தட்டுல சாப்பிட்டுட்டாருன்னா போதும், வேற ஒண்ணுமே கேக்க வேணாம்னு இருந்தாங்க. அவரு தண்ணியக்கூடத் தொடல."

 என் கண்ணாலும் அதைத்தானே பார்த்தேன். பையில் இருந்த பழம்வரை பார்த்தேனே. வெட்கமாக இருந்தது. அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து, "அவங்க வேணாம்னுட்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.

"எனக்கு அங்கயே தெரிஞ்சுபோச்சு" என்றார் அப்பா.

தெரியாமல் என்ன, செய்ததே நீங்கள்தானே என்று நினைத்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன். பிறகு சென்னையில் இருக்கவே பிடிக்கவில்லை. பெரம்பலூரில் ஒரு வேலை கிடைத்தது, வந்துவிட்டேன். அப்பாவோடு கேட்டதற்குப் பதில் என்கிற அளவுக்குத்தான் பேச்சு. அடுத்த வருடமே சென்னையில் நான் விரும்பியவருக்குக் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. வந்திருந்தாலும் நான் போயிருக்கப்போவதில்லை.

இந்த வருடம் தை பிறந்ததும் தம்பிக்குப் பெண் பார்க்கத் திருமானூர் போனோம். வாடகைக் காரில் அப்பா, தம்பி, நான். பெண் வீட்டில் நல்ல மனிதர்கள். உட்காரவைத்ததும் கேசரியும் பஜ்ஜியும் வந்தன. நான் கை நீட்டப் போனேன். அப்பா என் கையைத் தட்டினார்.

"இரு பாப்பா. பேசி முடிக்கட்டும். அப்பறம் கை நனைப்போம்."

பெண்ணின் அப்பா உடனே, "ஆமாங்க, அதுதான் மொறை. மொதல்ல பேசிருவோம்" என்றார். அவருக்குச் சங்கடம் எதுவும் இல்லை. சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பேசினார்கள். எல்லாம் ஒத்துவந்தது. அப்பா தன் மஞ்சள் பையிலிருந்து வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, ஒரு சீப்புப் பூவன்பழம் எல்லாவற்றையும் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். வைத்துவிட்டுத்தான் கேசரியை எடுத்து வாயில் போட்டார். "பசி உயிர் போவுதுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் கேசரியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழைப்பழம். அதே பூவன். அட கடவுளே!

திரும்பி வரும்போது அரியலூருக்கு முன்னால் சிமெண்ட் லாரிகள் வரிசையாக நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தன. கார் நகரவில்லை. தம்பி முன்சீட்டில் போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் கேட்டேன்.

"அப்பா, சென்னையில அன்னைக்கு நீங்க சாப்பிடாததும் இதுக்குத்தானா?"

"பின்ன எதுக்கு? சம்பந்தம் பேசாம கை நனைச்சா நல்லாவா இருக்கும்?"

"அது ஓட்டலுப்பா!"

"ஓட்டலா இருந்தா என்ன? அவங்க கூப்பிட்டாங்க, அவங்க செலவு. அப்ப அது அவங்க வூடு மாதிரிதானே. கூப்பிட்டவங்கதான் பேச்சை எடுக்கணும். எடுப்பாங்க எடுப்பாங்கன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். நானே வாய் விட்டும் சொல்லிப் பாத்தேன். பேச்சு எங்க போயிடப்போகுதுன்னுட்டாங்க அந்தம்மா. சரி, அவங்களுக்கு இஷ்டமில்ல போலருக்கு, மொகத்துக்கு நேரா சொல்ல மனசு வரல, அதான் சாப்பாட்டப் போட்டு அனுப்பப் பாக்குறாங்கன்னு நெனச்சேன்."

"அந்தப் பைல…"

"வெத்தல பாக்குதான். உங்கம்மா இருந்தா செய்வாளேன்னு பூகூட வாங்கியாந்தேன். பூவு வாடிப்போச்சு. வர்ற வழியில பழத்த நானே தின்னுட்டேன். கடும் பசி. நீதான் வேணாம்னுட்ட."

நான் அழுதேன். தம்பி திரும்பிப் பார்த்தான். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். அவர்கள் அப்பாவைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று அழுகைக்கு நடுவே சொல்லி முடித்தேன். அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவர் முகம் செத்துப்போனது. நெடுநேரம் வெளியே லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவமே. தண்ணிகூடக் குடிக்கலியே நான்" என்றார். "அந்தம்மா அப்படியா நெனச்சாங்க? இத்தன வருசமா அப்படியேவா நெனச்சுக்கிட்டு இருப்பாங்க? பாப்பா, ஒரு போன் போடு."

"அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுப்பா."

"கல்யாணத்துக்கா சொல்றேன்? அந்தம்மா மனசுல அது கெடக்கக் கூடாதுல்ல."

வீடு வந்து சேர்ந்ததும் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். பழைய எண்தான். நான் யாரென்று சொன்னதும், "சொல்லும்மா" என்றார் அந்த அம்மா. கை நனைக்கிற விஷயத்தை, பையை, பூவை, பழத்தை, எல்லாவற்றையும் கொட்டினேன்.   

"இப்ப வந்து சொல்றியேம்மா" என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. "எங்க வூட்டுலயும் அந்த மொறை உண்டு. ஓட்டல்லயும் ஒருத்தர் அதைப் பார்ப்பார்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. அந்தப் பழத்துல ஒண்ண எடுத்து மேசைல வெச்சிருந்தாக்கூட நான் புரிஞ்சுக்கிட்டிருப்பேனே." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சரி, விடு. அப்பாவை ஒரு நாள் வூட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு. நீயும் வா. நான் சமைக்கிறேன்."

அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காலில் இருந்த செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"வூட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னாங்க."

"போவோம்" என்றார்.  பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இனிமேதான் பேசி முடிக்க ஒண்ணும் இல்லையே பாப்பா. போன ஒடனே சாப்பிட்டுரலாம்."